சண்டர்லேண்டுக்குள் பழைய விமானிகளை ஏற்றும் வேலை: ஆறு வாரப் பதிவு

அருங்காட்சியகத்தில் நிற்கும் பறக்கும் படகை, அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானத்தை, வேடிக்கை பார்க்க வருபவருக்கு ஒரு தடுப்புக் கயிறும் ஒரு விவரப் பலகையும் போதும். அதில் பறந்தவர் வரும்போது போதாது. அவர் உள்ளே ஏறுவார், தன் இடத்தில் உட்காருவார், எதையாவது பிடித்து இழுப்பார். அந்த இழுப்பு எங்கே போகிறது, என்ன சத்தம் கேட்க அவர் காத்திருக்கிறார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அதைப் பதிவு செய்யத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஏற்பாடு சரியில்லை என்றால் அவர் முட்டி உடையும், அல்லது விமானம் உடையும்.

இது ஷார்ட் சண்டர்லேண்டை வைத்து எழுதியது. 1937 அக்டோபரில் முதலில் பறந்த, நான்கு எஞ்சின், இரண்டு தளம் கொண்ட பிரிட்டிஷ் ரோந்துப் படகு. இறக்கை அகலம் 34 மீட்டருக்கு மேல், நீளம் 26 மீட்டர். பிரிட்டிஷ் விமானப்படை 1959-இல் சிங்கப்பூர் செலட்டாரில் இதை ஓய்வுக்கு அனுப்பியது, நியூசிலாந்து 1967-இல். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் எம்.எல்.824, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் எம்.எல்.796, நியூசிலாந்தின் ஆக்லாந்து மோட்டாட் அருங்காட்சியகத்தில் என்.இசட்.4115 என்ற பதிவு எண் கொண்ட படகுகள் இருக்கின்றன. 1967-இல் இருபது வயதில் இருந்தவருக்கே இப்போது எண்பதுக்கு நெருங்கிய வயது. வேலையைத் தள்ளிப்போட நேரமில்லை. கீழே வாரங்களை அவர்கள் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறோம்.

ஆறாம் வாரம்: தொலைபேசி

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வருபவரிடம் நான்கே கேள்வி: எந்த ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு), எந்த ஆண்டு, எந்த மார்க் (விமானத்தின் எந்த மாதிரி), என்ன வேலை. "என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்கவே கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டால், உள்ளே வந்து உட்காரும்போது சொன்னதைத்தான் திரும்பச் சொல்வார். கை சொல்ல வேண்டியதை வாய் முந்திக்கொள்ளும்.

மார்க் ஏன் முக்கியம்? மார்க் 3-இல் பிரிஸ்டல் பெகாசஸ் எஞ்சின். அது நின்றால் புரொப்பெல்லரை ஃபெதர் செய்ய, அதாவது அலகுகளின் விளிம்பு காற்றைப் பார்க்குமாறு திருப்பி நிறுத்த, வழியில்லை. காற்றில் தானே சுழன்று, சில நேரம் கழன்றே போகும். மார்க் 5-இல் 1,200 குதிரைத்திறன் பிராட் அண்டு விட்னி ட்வின் வாஸ்ப், முழுதாக ஃபெதர் ஆகும் புரொப்பெல்லர். மார்க் 3-இல் மட்டும் பறந்தவர் மார்க் 5 காக்பிட்டில் உட்கார்ந்து "இந்தப் பட்டன் இங்கே கிடையாது" என்பார். அவர் சொல்வது சரி, விமானமும் சரி. இது முன்பே தெரியாதவர் குறிப்பேட்டில் "ஞாபகப் பிழை" என்று எழுதி வைப்பார்.

நம் பக்கத்து ஆட்களோடு பேசும்போது இன்னொரு குழப்பம் வரும். "மெட்ராஸ் ரெட்ஹில்ஸ்" என்று ஒருவர் சொன்னதும் சண்டர்லேண்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புழல் ஏரியில் போர்க்காலத்தில் நின்ற 240 ஸ்குவாட்ரன் ஓட்டியது கேட்டலினா என்ற வேறு வகைப் பறக்கும் படகு. சண்டர்லேண்ட் ஓட்டிய 230 ஸ்குவாட்ரன் அங்கே வந்தது 1945-இல். இலங்கை கொக்கலையிலும் இரண்டு வகையும் இருந்தன. கேட்டலினாக்காரரையும் தாராளமாக அழைக்கலாம், ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

விமானத்தின் சொந்த வரலாற்றையும் எடுத்து வைக்க வேண்டும். ஹெண்டனில் நிற்பது நார்வேக்காரர்களின் 330 ஸ்குவாட்ரனில் இருந்தது, பிறகு பிரெஞ்சுக் கடற்படைக்குப் போனது, 1961-இல் பெம்ப்ரோக் டாக்குக்குத் திரும்பியது, 1971-இல் லண்டன் வந்தது. டக்ஸ்ஃபோர்டில் நிற்பதும் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்ததுதான். பிறகு லா போல் என்ற ஊரில் மதுக்கூடமாக இருந்து, 1976-இல்தான் மீண்டு வந்தது. இப்படிப்பட்ட படகில் எந்த அலமாரி 1944-ஐச் சேர்ந்தது, எந்த ஆணி பிற்காலத்தது என்று ஒரு பட்டியல் கையில் இல்லாமல் யாரையும் உள்ளே விட்டு சாட்சி கேட்பதில் பொருளில்லை.

ஐந்தாம் வாரம்: அடிவயிறு

அதிக நேரம் தின்னும் வேலை இது. கீழ்த்தளப் பலகைகளைத் தூக்கினால் அடியில் ஏராவை (படகின் அடிமுதுகை) ஒட்டி ஓடும் குழிவு. கப்பல்காரர்கள் பில்ஜ் என்பார்கள். பறந்த காலத்தில் கசியும் தண்ணீர் எல்லாம் அங்கே இறங்கி, பம்ப் வழியாக வெளியே போகும். ரிவெட் பிய்ந்த ஓட்டையைப் பிளாஸ்டிசின் உருண்டையை அழுத்தி அடைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்படி ஒரு உருண்டை காய்ந்து கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அப்படியே விடுங்கள்.

பலகைகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் அடியிலும் எண், முன்பக்கம் காட்டும் அம்புக்குறி. சாக்பீஸ் போதும், மார்க்கர் வேண்டாம். திருகாணிகளை முட்டைத் தட்டில் அதே வரிசையில் போடுங்கள். ஒரே நீளம் போலத் தெரியும், இருக்காது. நீள ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் போட்டு முறுக்கினால் கீழே உள்ள தகட்டைக் குத்தும்.

எல்.இ.டி. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேரே அடித்தால் எதுவும் தெரியாது. மூன்று விதமாக அரிப்பு தெரியும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மேல்பரப்பு மட்டும், துடைத்தால் போகும். பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தால் அடியில் குழி விழுந்திருக்கிறது. பேக்கரி பஃப்ஸ் மாதிரி உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் நிறுத்துங்கள். அந்த விலாவின் (உடலின் குறுக்குச் சட்டத்தின்) மேல் யாரும் நிற்கக் கூடாது, உலோகப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பகுதிக்குப் பூட்டு. இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் அச்சு வழியே அழுத்தித் தள்ளிச் செய்த கனமான துண்டுகளில் வரும், மெல்லிய தகட்டில் அரிது. இரும்பு போல்ட்டோ வெண்கலப் பூட்டோ அலுமினியத்தைத் தொடும் இடங்களைத் தனியாகத் தேடுங்கள். உப்பு ஈரம் இருந்தால் அந்தச் சேர்க்கையே ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பெயின்டுக்கு அடியில் எது இரும்பு என்று நொடியில் தெரியும்.

உப்பு இன்னும் இருக்கிறதா? டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, பஞ்சை 20 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் பிழியுங்கள். அதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, 1 சதவீத சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. பால்போல் கலங்கினால் குளோரைடு, அதாவது உப்பு, இருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இதைச் சோதனைக் குழாயில்தான் செய்ய வேண்டும். சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு அலுமினியத்தில் விழுந்தாலும் அங்கே வெள்ளி படிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். இரண்டு, அதே டிஸ்டில்டு வாட்டரையும் புதுப் பஞ்சையும் மட்டும் வைத்து முதலில் ஒரு வெற்றுச் சோதனை. குழாய்த் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள குளோரைடே கலங்கவைத்து ஏமாற்றும்.

கழுவ: நான்-அயானிக் திரவ சோப், லிட்டருக்கு 10 மில்லி. மென்மையான நைலான் பிரஷ். ஒரு முறைக்கு இரண்டு விலாக்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் மட்டும். வெட் வாக்குவம் வைத்து உறிஞ்சி, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, மறுபடி சோதனை. கலங்கல் நின்ற பிறகுதான் அடுத்த கட்டம். சலவை சோடா கலந்த எதுவும் ஆகாது, காரம் அலுமினியத்தைத் தின்னும். கம்பி நார் ஆகவே ஆகாது. தோசைக்கல்லுக்கு அது நல்லது. இங்கே அதன் இரும்புத் துகள் உலோகத்தில் பதிந்து ஆறு மாதத்தில் நூறு இடத்தில் பூக்கும். ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். அவசரப்படுபவரை இந்த வேலைக்கு விட வேண்டாம்.

விலாக்களின் அடியில் தண்ணீர் ஓடச் சிறு துளைகள் உண்டு. தூசியும் பெயின்ட் செதிலும் அடைத்திருக்கும். மூங்கில் குச்சியால் திறந்துவிடுங்கள், கம்பியால் குத்த வேண்டாம். இங்கே பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: மிதக்கும்போது எது மிகத் தாழ்ந்த இடமோ, கரையேற்றும் சக்கரத்தில் நிற்கும்போது அது தாழ்ந்த இடமல்ல. சாய்மானம் வேறு. பில்ஜ் பம்ப்பின் வாய் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று திருப்திப்பட்டால், இரண்டு அறை தள்ளி ஒரு குட்டை தேங்கிக் கிடக்கும். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள்.

மழையே படாத கூடத்துக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். குளிர்ந்த உலோகத்தில் காலையில் வியர்க்கும் ஈரம்தான். கூடத்தின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, 40-க்கு மேலே இருக்கட்டும். இரவில் முன்கதவையும் பின்கதவையும் வலை போட்டுத் திறந்துவைத்து ஒரு சிறு விசிறி.

இடையில் ஒன்று. 1948 பெர்லின் முற்றுகையின்போது சண்டர்லேண்டுகள் ஹாவெல் நீர்ப்பரப்பில் இறங்கி உப்பு மூட்டை சுமந்தன. சாதாரண விமானத்தின் தரையை உப்பு அரித்துவிடும், கடலுக்கென்றே காப்புப் பூச்சு பூசிய படகு தாங்கும் என்பதால் அந்தச் சரக்கு இதற்கு வந்தது. அந்தக் காப்பை நம்பித்தான் பில்ஜை யாரும் பார்ப்பதில்லை. பூச்சுக்கும் வயது உண்டு.

நான்காம் வாரம்: நஞ்சும் வெடியும்

காக்பிட்டில் இருட்டில் ஒளிரும் முட்கள் இப்போது ஒளிராது. ஒளிரும் பொடி செத்துவிட்டது, ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கைகர் கருவியால் ஒவ்வொரு டயலையும் அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். கண்ணாடி உடைந்த டயலைத் தொடாமல், உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். கண்ணாடி உடையாத டயலுக்கு முன் இருபது நிமிடம் உட்காருவதால் கவலையில்லை. கவலை உதிரும் பொடியைப் பற்றித்தான். பல நாள் மூடிக்கிடந்த காக்பிட்டில் ரேடான் வாயு சேரும் என்பதால் ஆள் ஏறுமுன் ஒரு மணி நேரம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பழைய தீயணைப்புப் புட்டிகளில் மெத்தில் புரோமைடு இருக்கலாம், நரம்பைத் தாக்கும் நஞ்சு. ரப்பர் படகை ஊதும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் காலிதானா என்று எடை போட்டுப் பாருங்கள். நண்பன்-பகைவன் காட்டும் ரேடியோப் பெட்டிகளில் எதிரி கையில் சிக்காமல் அழிக்க ஒரு வெடிமுனை வைத்திருந்தார்கள். அது எடுக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று இல்லையென்றால் பெட்டியை அசைக்காதீர்கள், படையின் வெடிகுண்டுப் பிரிவைக் கூப்பிடுங்கள். பச்சை-மஞ்சள் பிரைமரில் குரோமேட், குழாய்களில் சுற்றிய வெள்ளைத் துணியில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. சுரண்டாமல் துணி சுற்றி மூடிவிட்டாலே போதும்.

மூன்றாம் வாரம்: படியும் தரையும்

தண்ணீரில் நின்றபோது முன்கதவின் நிலைப்படி சிறு படகிலிருந்து கால் வைக்கும் உயரத்தில் இருந்தது. சக்கரத்தில் நிற்கும்போது அது ஆள் உயரத்துக்கு மேல். ஏணி வேண்டாம், மேடை கட்டுங்கள். படி உயரம் 17 செ.மீ., அகலம் 30, இரண்டு பக்கமும் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடி, ஏழு படிக்கு ஒரு தங்கும் இடம். மேடை விமானத்தைத் தொடக் கூடாது. இடைவெளியைப் பாலிஎத்திலீன் நுரையால் நிரப்புங்கள். பி.வி.சி. நுரை மலிவு, ஆனால் நாளடைவில் குளோரைடு கக்கும்.

வெறும் எடை 16 டன்னுக்கு மேல், ஏற்றிய எடை சுமார் 27 டன் தாங்கிய படகுக்கு ஆறு பேர் ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை எழுபது, எண்பது ஆண்டுப் பிளைவுட் பலகை. ஒரு குதிகால் விழும் இடத்தில் உடையும். 12 மி.மீ. புதுப் பிளைவுட்டை விலாவிலிருந்து விலாவுக்கு எட்டுமாறு வெட்டி, அடியில் கம்பளித் துணி ஒட்டி, மேலே பரப்புங்கள். ஆணி அடிக்க வேண்டாம். அதன் விளிம்பு தடுக்கும், மஞ்சள் துணி நாடா தைத்துவிடுங்கள்.

மேல்தளத்துக்குப் போகும் ஏணி செங்குத்து. அதை மாற்றக் கூடாது. ஏற முடியாதவருக்கு மேலே ஒரு கேமரா வைத்து, கீழே அதிகாரிகள் அறை மேசையில் திரை வையுங்கள். மேலே இருப்பவரோடு பேச வழி இருக்க வேண்டும், படம் மட்டும் போதாது.

இரண்டாம் வாரம்: அசைய வேண்டியவை

விமானி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்புவார். பூட்டி வைத்திருந்தால் இன்னும் அழுத்தித் திருப்புவார். பூட்டாமல் விட்டால் இறக்கை நுனியில் துணி போர்த்திய பகுதி கூரைக் கம்பியில் இடிக்கும். ஆகவே ஸ்டியரிங்கிலிருந்து வெளியே போகும் கேபிளை முன்பக்க டர்ன்பக்கிளில் (கேபிளை இறுக்கும் திருகில்) கழற்றி, எத்தனை மரை வெளியே தெரிந்தது என்று எழுதி, இரு முனையையும் கட்டிவிடுங்கள். வெளியே இறக்கையிலும் வாலிலும் அசையும் மடல்களுக்குப் பூட்டு. ஸ்டியரிங் லேசாக அசையும், வெளியே ஒன்றும் நகராது. கேபிள் மேல் பருத்தித் துணியை ஓட்டிப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. வெறும் கையால் இதைச் செய்தால் ரத்தம்தான்.

மூக்கில் உள்ள துப்பாக்கிக் கூண்டு பின்னால் நகரும். படகைக் கட்டிவைக்கும் மிதவையைப் பிடிக்க அங்கேதான் ஆள் நிற்பார்: கொக்கிக் கழியால் இழுத்து, முதலில் குட்டைக் கயிறு, பிறகு கனத்த கயிறு. கூண்டை ஒருமுறை நகர்த்தி, பின்வந்த நிலையில் ஊசி போட்டுப் பூட்டிவிடுங்கள். நிகழ்ச்சியன்று நகர்த்த வேண்டாம், விரல் போகும். ஒரு புதுச் சணல் கயிறும் மரக் கழியும் அருகில் இருந்தால் போதும். முடிச்சுப் போடுவதைப் படம் எடுக்க அதுதான் வேண்டும்.

அடுக்களையில் இரட்டை பம்ப் ஸ்டவ். எரிக்கக் கூடாது, ஆனால் பம்ப் தண்டு நகரட்டும், லெதர் வாஷரில் இரண்டு சொட்டு எண்ணெய். அடுக்களையின் பக்கக் கதவுகள் வழியாகத்தான் கேன்வாஸ் இழுவைப் பைகளைத் தண்ணீரில் வீசி வேகத்தைக் குறைப்பார்கள், ஒரு பக்கம் மட்டும் வீசினால் படகு அந்தப் பக்கம் திரும்பும். பிரேக் கிடையாதே. கதவுக் கீல் எண்ணெய் கண்டிருக்கட்டும். குண்டு அறையில் ஆழ்குண்டுத் தாங்கிகள் பக்கவாட்டு ஜன்னல் வழியே இறக்கைக்கு அடியில் ஓடும். அந்தத் தண்டவாளத்தைத் துடைத்து மெழுகு பூசுங்கள், தாங்கியை மட்டும் கட்டி வையுங்கள்.

பழைய வயரிங்கில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. ரப்பர் உறை தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். பேட்டரி எல்.இ.டி. பட்டைகளைப் பருத்தி நாடாவால் விலாவில் கட்டுங்கள், மஞ்சள் வெளிச்சம். ஒட்டும் டேப் பெயின்டை உரித்துக்கொண்டு வரும்.

அன்றைக்கு

ஒரு நேரத்தில் உள்ளே ஒரு பெரியவர், ஒரு உதவியாளர், ஒரு ஒலிப்பதிவாளர். நான்கு பேரைச் சேர்த்து அனுப்பினால் பேச்சு நன்றாக இருக்கும், பதிவு உதவாது. மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் பத்து நிமிடத்தில் தங்கள் ஞாபகமாக ஏற்றுக்கொள்வார்கள். தனித்தனியாக முடித்த பிறகு, மதியம் எல்லோரும் அதிகாரிகள் அறையில் டீயோடு உட்காரட்டும். அப்போது வரும் சண்டை பொன்னானது. அதைத் தனியாகப் பதியுங்கள்.

உலோகக் கூடு எதிரொலிக்கும், காது மெஷின் வைத்தவருக்கு இரைச்சல். சட்டையில் குத்தும் மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். விசிறிகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருக்கை எண்ணை உரக்கச் சொல்லுங்கள். பிறகு எடுத்துக் கேட்கும்போது "இது இங்கேதான் இருந்தது" என்ற வாக்கியம் எந்த "இங்கே" என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்க்கட்டும்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் கேட்காதீர்கள். பிறகு ஒரே வகைக் கேள்வி: "எஞ்சின் நின்றுவிட்டது, கை எங்கே போகும்?" "மிதவை தெரிகிறது, எழுந்திருங்கள், முதலில் எதைப் பிடிப்பீர்கள்?" வெறும் இடத்தை அவர் கை தேடினால், அங்கே ஒரு பொருள் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பருத்தி நாடாவில் தொங்கும் எண் அட்டையைக் கட்டுங்கள். பழைய புகைப்படங்களைக் கடைசியில்தான் காட்ட வேண்டும்.

கையுறை போடச் சொல்வதா? நம் கருத்து: வேண்டாம். கையுறை போட்ட கைக்குப் பழைய கைப்பிடி அடையாளம் தெரியாது. வேர்வை உப்பைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

உள்ளே 25 நிமிடம், வெளியே 40 நிமிடம் நாற்காலி. கூடத்தில் 18 டிகிரிக்குக் குறைந்தால் ஹீட்டர். ஏணியில் கீழே ஒருவர், மேலே ஒருவர். அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது, அந்த வயதில் தோள் மூட்டு விலகும். அவர் கையை நாம் பிடிப்பதைவிட நம் முன்கையை அவர் பிடிக்கட்டும். விமானத்துக்குள் உள்ள பீங்கான் கழிப்பறையை எல்லோரும் கேட்பார்கள். அது காட்சிக்கு மட்டும், பக்கத்துக் கட்டடத்தில் வழி காட்டி வையுங்கள்.

பிறகு

அன்று மாலையே தொட்ட கைப்பிடிகள் எல்லாவற்றையும் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கேபிளை மாட்டும்போது எழுதிவைத்த மரை எண்ணிக்கை.

பதிவை 48 மணி நேரத்துக்குள் எழுத்தாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்றில் ஒரு முத்திரை: கையேட்டோடு ஒத்தது, ஞாபகம் மட்டும், கையேட்டோடு முரண்பட்டது. மூன்றாவதை அழிக்காதீர்கள். களத்தில் மாற்றிக்கொண்டது கையேட்டுக்கு எட்டாமல் போயிருக்கலாம். இரண்டு பேர் தனித்தனியே ஒரே இடத்தைக் காட்டினால், மார்க்கும் ஒத்துப்போனால், அந்தப் பொருளைப் புதிதாகச் செய்து பொருத்தலாம். பழைய துளையை மட்டும் பயன்படுத்தி, பின்புறம் செய்த ஆண்டைப் பொறித்து. புதுத் துளை போடுவதற்கு எந்தச் சாட்சியும் போதாது.

பதினைந்து நாள் கழித்து அடுக்களைக்கு அடியில் உள்ள நான்கு பலகைகளை மட்டும் தூக்குங்கள். வந்தவர்களின் மூச்சு ஈரமும் ஷூ மண்ணும் சேரும் இடம் அது. டார்ச், பஞ்சு, சோதனைக் குழாய். கலங்கினால் மறுபடி லிட்டருக்கு 10 மில்லி சோப்.